எந்த உரம்? எவ்வளவு?

நெய்யாறு கடலில் சேரும் இடம் பூவார். கரையோரம் மணல். அங்கே தென்னை நிற்கிறது. உள்ளே பாறசாலைப் பக்கம் போனால் செம்மண். அங்கே ஏத்தன் வாழை, மரச்சீனி, காய்கறி, ரப்பர் எல்லாம் உண்டு.

மண் வேறு. பயிர் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே உரம் போதுமா? போன வருஷம் போட்ட உரத்தையே இந்த வருஷமும் போடலாமா?

மூன்று முக்கியச் சத்துகள்

தழைச்சத்து இலையைச் செழிக்க வைக்கும்.
மணிச்சத்து வேரை வளர்க்கும்.
சாம்பல் சத்து குலையையும் கிழங்கையும் பருக்க வைக்கும்.

இவை தவிர மக்னீசியம், போரான் போன்ற சத்துகளும் வேண்டும். குலை வெட்டும்போதும் கிழங்கு பிடுங்கும்போதும் சத்து மண்ணை விட்டுப் போகிறது. அதை ஈடு செய்யவே உரம் போடுகிறோம்.

போட்ட உரம் எங்கே போகிறது?

நம் ஊரில் வருஷத்தில் இரண்டு மழைக்காலம். மழை நீரோடு தழைச்சத்து கரைந்து போகிறது. சாம்பல் சத்தும் மக்னீசியமும் போகின்றன. மணல் நிலத்தில் இன்னும் வேகமாகப் போகின்றன. ஆனால் மணிச்சத்து எளிதில் கரைந்து போகாது. மண்ணிலேயே தங்கும். வருஷா வருஷம் போட்டால் சேர்ந்துகொண்டே இருக்கும்.

பாக்டம்பாஸ் உரத்தைப் பாருங்கள். 50 கிலோ மூட்டையில் தழைச்சத்து 10 கிலோ. மணிச்சத்து 10 கிலோ. சாம்பல் சத்து இல்லை. இதை மட்டும் போட்டு வந்தால் ஒரு சத்து கூடும். இன்னொரு சத்து குறையும்.

கேரள மாநிலத் திட்ட வாரியம் மாநிலம் முழுவதும் மண்ணைச் சோதிக்க ஏற்பாடு செய்தது. 2013-இல் முடிவு வெளிவந்தது. பெரும்பாலான நிலங்களில் புளிப்பு மிகுதி. பல நிலங்களில் மணிச்சத்து தேவைக்கு மேல் இருந்தது. மக்னீசியமும் போரானும் பல இடங்களில் குறைவு.

யூரியாவைத் தொடர்ந்து போட்டாலும் மண் புளிக்கும். புளித்த மண்ணில் உரம் போட்டாலும் பயிர் சரியாக எடுக்காது. சுண்ணாம்பு அல்லது டோலமைட் புளிப்பைக் குறைக்கும். சுண்ணாம்பையும் உரத்தையும் ஒன்றாகப் போடக் கூடாது. சுண்ணாம்பு போட்டு இரண்டு வாரம் கழித்து உரம் போட வேண்டும்.

இலை மஞ்சளானால்

ஒரு விவசாயி கிருஷி பவனுக்குப் போனார் என்று வைத்துக்கொள்வோம்.

“சார், வாழையில் அடி இலை மஞ்சளாகிறது. இன்னும் ஒரு மூட்டை யூரியா போடட்டுமா?”

“அவசரப்படாதீங்க அண்ணாச்சி. நடு நரம்பை ஒட்டிப் பச்சையாக இருக்கிறதா?”

“ஆமாம் சார்.”

“அப்படியானால் மக்னீசியம் குறைவாக இருக்கலாம். யூரியா போட்டால் அது தீராது. பொட்டாஷ் அதிகமானாலும் இப்படி வரும். முதலில் மண்ணைச் சோதிப்போம்.”

யூரியா வாங்கியிருந்தால் காசும் போயிருக்கும். நோயும் தீர்ந்திருக்காது.

மண் எடுக்கும் முறை

1. வரப்பு, எருக்குழி, மரத்தடி ஆகிய இடங்களில் எடுக்காதீர்கள். புதிதாக உரம் போட்ட இடமும் வேண்டாம்.
2. வயலில் பத்து இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்குச் சற்றுக் குறைவாகக் குழி வெட்டுங்கள்.
3. குழியின் பக்கத்தில் மேலிருந்து அடி வரை மண்ணைச் சீவி எடுங்கள்.
4. எல்லாவற்றையும் கலந்து நிழலில் உலர்த்துங்கள்.
5. அதில் அரைக் கிலோவைச் சுத்தமான பையில் போடுங்கள். உரச் சாக்கு கூடாது.
6. பெயர், ஊர், பயிர் எழுதிக் கிருஷி பவனில் கொடுங்கள்.

மண் வள அட்டைத் திட்டம் 2015-இல் தொடங்கியது. அட்டையில் 12 விவரங்கள் இருக்கும். அவற்றில் மக்னீசியம் இல்லை. அதையும் சோதிக்கும்படி கேளுங்கள்.

சாணி, தழை, சாம்பல் இவற்றையும் மறக்க வேண்டாம். சாணியும் தழையும் மக்கினால் மண் சத்தைப் பிடித்து வைக்கும். மணல் நிலத்துக்கு இது மிகவும் தேவை.

உரம் வாங்குமுன் மண்ணைச் சோதியுங்கள். இருக்கும் சத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். இல்லாத சத்தை வாங்குவோம்.

பேசிப் பாருங்கள்

1. மழையில் எளிதில் கரைந்து போகாத சத்து எது?
2. இரண்டு மூட்டை பாக்டம்பாஸில் மணிச்சத்து எத்தனை கிலோ?
3. போன வருஷம் உங்கள் வயலில் என்ன உரம் போட்டீர்கள்? எவ்வளவு? எழுதுங்கள்.