யாரும் திருப்பி அனுப்பவில்லை

"அந்தப் பிள்ளைய அங்கேருந்து திருப்பி விட்டுட்டாங்களாம், தெரியுமா?"

எங்கள் கடலோர ஊரான கடியப்பட்டணத்தில் இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. பரிமாற்ற மாணவராக ஒரு வருஷம் அமெரிக்கப் பள்ளியில் படித்துவிட்டு ஒரு பிள்ளை வந்து இறங்கினால் போதும், பெட்டியைப் பிரிப்பதற்குள் பேச்சு கிளம்பிவிடுகிறது. மார்க் குறைந்துவிட்டதாம். தங்கியிருந்த வீட்டுக்காரர்களோடு சண்டையாம். பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். இவர்கள் வந்து சேர்வதும் ஜூன் மாதத்தில். ஆனி, ஆடியில் கடல் அடிக்கும், வள்ளம் இறங்காது, பேசுவதற்கு எல்லோருக்கும் நேரம் இருக்கும். "நெருப்பில்லாம புகையுமா டீச்சர்?" என்று என்னிடமே கேட்கிறார்கள். இந்த விஷயத்தில் நெருப்பு எதுவும் இல்லை. புகையை மூட்டியது நாம்தான்.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். நமக்கு வெளிநாடு என்றால் வளைகுடா. சவூதிக்கோ பஹ்ரைனுக்கோ ஈரானுக்கோ மீன்பிடிக்கப் போகிறவர் முடிந்தவரை அங்கே இருந்து சம்பாதிக்கத்தான் பார்ப்பார். இடையில் வந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அரபி முதலாளி சம்பளம் தரவில்லை, எல்லை தாண்டியதாகப் படகைப் பிடித்துவிட்டார்கள், உடம்புக்கு முடியவில்லை. 2020இல் கொரோனா காலத்தில் ஈரானில் மாட்டிக்கொண்டவர்களை ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து தூத்துக்குடிக்கு ஏற்றிவந்தபோது இந்தக் கரை எப்படித் தவித்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே சீக்கிரம் திரும்புவது நமக்குக் கெட்ட சேதி. ஆனால் அந்த அளவுகோலைப் பதினாறு வயதுப் பள்ளிப்பிள்ளையின் படிப்புக்கு வைப்பது அநியாயம்.

சந்தேகப்படுகிறவர்கள் ஒரு காகிதத்தைப் பாருங்கள். அமெரிக்காவுக்குப் பரிமாற்ற மாணவராகப் போகிற ஒவ்வொருவர் கையிலும் டிஎஸ்-2019 என்ற படிவம் இருக்கும். அதில் திட்டம் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கும். அந்தப் படிவத்தை வைத்துத்தான் ஜே-1 விசாவே கிடைக்கிறது. பள்ளி மாணவருக்கு அதிகபட்சம் இரண்டு பருவம், அதாவது ஒரே ஒரு கல்வியாண்டு. திட்டம் முடிந்தபின் நாட்டைவிட்டுக் கிளம்ப 30 நாள் அவகாசம். எவ்வளவு நன்றாகப் படித்தாலும், தங்கியிருந்த குடும்பம் கண்ணீர்விட்டுக் கேட்டாலும், அந்தத் திட்டத்தில் இன்னொரு வருஷம் கிடையாது. ஊருக்குத் திரும்பும் மாதம் விமானம் ஏறுமுன்பே முடிவானது. வகுப்பில் முதலாக வந்த பிள்ளையும் அதே ஜூனில்தான் வரும்.

ஏன் அப்படி வைத்தார்கள்? திரும்பி வருவதுதான் திட்டத்தின் நோக்கமே. ஏஎஃப்எஸ் என்ற அமைப்பு, உலகப்போர்களில் காயம்பட்டவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிச்சென்ற தன்னார்வலர்கள் நடத்தியது. போர் முடிந்ததும், 1947இல், அவர்களே பள்ளி மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கினார்கள். ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டு வீட்டில் சாப்பிட்டு, உறங்கி, படித்து, திரும்பிப்போய்த் தன் மக்களிடம் அதைச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்க அரசு 2002இல் தொடங்கிய கென்னடி-லூகர் திட்டமும், அதாவது யெஸ் திட்டமும், இதே வழிதான். இந்திய மாணவர்களும் அதில் போயிருக்கிறார்கள். ரோட்டரியின் நீண்டகாலப் பரிமாற்றமும் ஒரு கல்வியாண்டுதான். திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டால்தான் திட்டம் தோற்றதாகக் கணக்கு.

நிஜமாகவே இடையில் அனுப்பப்படுகிறவர்கள் உண்டா? உண்டு. விதியை மீறினால் அனுப்புவார்கள். உடல்நலம் கெட்டோ, வீட்டு ஏக்கம் தாங்காமலோ தாமாகவே வருகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் வருவது நவம்பரிலோ ஜனவரியிலோ. ஜூனில் வந்த பிள்ளையைப் பற்றி இப்படிப் பேசுகிறவர், வாயைத் திறக்குமுன் காலண்டரையாவது பார்த்திருக்க வேண்டாமா?

இவ்வளவு கோபம் எதற்கு என்றால், இந்தப் பேச்சு விழுகிற நேரம் அப்படி. ஊர் திரும்பிய முதல் சில மாதங்கள் லேசானவை அல்ல. 1955இல் லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர், அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்கள் 200 பேரிடம் பேசி, வெளிநாட்டு வாழ்க்கையில் மனம் முதலில் உற்சாகமாக இருந்து, பிறகு தாழ்ந்து, அப்புறம் ஏறுவதாக எழுதினார். 1963இல் கல்லஹார்ன் தம்பதி, அதே இறக்கமும் ஏற்றமும் சொந்த ஊருக்கு வந்தபின் இன்னொரு முறை நடக்கிறது என்று காட்டினார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இந்த ஏற்ற இறக்க வளைகோட்டைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் வகுப்பறையில் நான் காண்பது கல்லஹார்ன் தம்பதி சொன்னதைத்தான்.

ஒரு மாணவியைச் சொல்கிறேன். பிளஸ் ஒன்னில் மறுபடி சேர்ந்தாள். கூடப் படித்தவர்கள் பிளஸ் டூ போய்விட்டார்கள், பக்கத்தில் இருப்பவர்கள் நேற்றுவரை அக்கா என்று கூப்பிட்டவர்கள். பாடம் நடக்கும்போது கையைத் தூக்கி, "இது ஏன் இப்படி வருது மிஸ்?" என்று கேட்டாள். அங்கே பத்து மாதம் அப்படித்தான் பழகியிருந்தாள். "அமெரிக்கத் திமிர்" என்று பெயர் வந்தது. இரண்டாவது வாரம் கை மேலே வரவில்லை. மூன்றாவது வாரம் கடைசி பெஞ்சுக்கு மாறிவிட்டாள். மாலையில் வீட்டுக்குப் போனால், பங்கின் அன்பியக் கூட்டத்திலிருந்து அம்மா கேட்டுவந்த பேச்சு காத்திருக்கும்: திருப்பி அனுப்பிட்டாங்களாமே? அந்தப் பிள்ளை யாரிடம் போய் மனதைத் திறக்கும்?

பரிமாற்றப் படிப்பைப் பற்றி ஊரில் சுற்றும் மற்றக் கதைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். பத்து மாதத்தில் தமிழ் மறந்துவிடும் என்கிறார்கள். பதினாறு வயதில் தாய்மொழி அப்படிப் போகாது. சொல் வர இரண்டு நொடி தாமதமாகும், சில வாரத்தில் சரியாகிவிடும். கேலி செய்தால் மட்டும் அந்தப் பிள்ளை பேசுவதையே குறைத்துக்கொள்ளும்.

திரும்பி வந்தவர் இரண்டு வருஷம் எந்த நாட்டுக்கும் போக முடியாது என்பது அரைகுறையாகக் கேட்டது. அரசுப் பணத்தில் ஜே-1 விசாவில் போனவருக்கு அமெரிக்க வேலை விசா, கிரீன் கார்டு போன்றவற்றுக்குத்தான் அந்தத் தடை. படிப்பு விசாவுக்கு இல்லை. பிற நாடுகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒருமுறை போனவருக்கு இனி விசா தானாகக் கிடைக்கும் என்பதும் பொய். ஒவ்வொரு விண்ணப்பமும் புதிதாகத்தான் பார்க்கப்படும்.

பரிமாற்றம் பணக்காரருக்குத்தான் என்பதும் முழு உண்மை அல்ல. யெஸ் திட்டத்தில் பயணம், தங்கல், காப்பீடு எல்லாம் திட்டச் செலவு. போட்டி கடுமை. மற்ற பல திட்டங்களில் பணம் கட்டத்தான் வேண்டும்.

படிப்பில் ஒரு வருஷம் போய்விடும் என்பதில் மட்டும் உண்மை இருக்கிறது. அங்கே படித்தது இங்கே பிளஸ் ஒன் ஆகிவிடாது. பெரும்பாலும் விட்ட வகுப்பிலேயே சேர வேண்டியிருக்கும். இதை மறைத்து ஆள் பிடிக்கிறவர்களையும் நம்பாதீர்கள். போகும்முன்பே தலைமையாசிரியரிடம் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். வரும்போது அங்குள்ள பள்ளியின் மதிப்பெண் பட்டியலை முத்திரையோடு கையில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஊருக்கு வந்தபின் மின்னஞ்சலில் கெஞ்சி வாங்குவது பெரும்பாடு.

வந்த பிள்ளையை ஊர் என்ன செய்யலாம்? இதை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், பங்குப்பேரவையிலும் சொல்லியிருக்கிறேன். கரையோர ஊர் ஒவ்வொன்றிலும் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் திறந்திருக்கிற ஒரு படிப்பகம் வேண்டும். திருவிழா வெடிக்கும் மின்விளக்குத் தோரணத்துக்கும் வரி பிரிக்கிற நமக்கு இது முடியாத காரியம் அல்ல. சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம், திரும்பி வந்த பிள்ளையை அங்கே உட்காரவைத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசவிடுங்கள், தமிழிலேயே பேசட்டும். அங்கே காலையில் பேருந்து எத்தனை மணிக்கு, நேர்காணலில் என்ன கேட்டார்கள், விண்ணப்பக் கட்டுரையில் கடற்கரையைப் பற்றி எழுதினாளா, அழுகை வந்த நாளில் யாரிடம் பேசினாள். பதினைந்து வயதில் விண்ணப்பம் போட வேண்டிய பிள்ளைக்கு எட்டாம் வகுப்பிலேயே இது காதில் விழ வேண்டும்.