போராடுவோரும் வாளாவிருப்போரும்

சமுதாய இயக்கங்கள் பற்றிய கொள்கைகளைக் கற்பதற்கென நாங்கள் எழுவர் ஒரு வட்டம் அமைத்தோம். பண்ருட்டியிலிருந்தும் நெய்வேலி நகரியத்திலிருந்தும் நம் கல்லூரிக்கு வருவோர் நாங்கள். ஞாயிறு மாலைகளில் பண்ருட்டியில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணையே கூடுமிடம். பலாக்காலமாதலின், கருத்துக்குப் பஞ்சம் வந்த நாளிலும் சுளைக்குப் பஞ்சமில்லை.

கூட்டத்தில் கலந்தவன் தன்னறிவை இழக்கிறான் என 1895-இல் எழுதிய பிரெஞ்சு அறிஞர் லெபானை ஒரே மாலையில் முடித்துவிட்டோம். அவருக்கு அவ்வளவு போதும் என்பது என் கருத்து. எங்களைப் பல வாரங்கள் திணற வைத்தவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மான்கர் ஆல்சன். 1965-இல் வெளியான தம் நூலில் அவர் எழுப்பிய வினா எளியது. இயக்கம் வென்றால் அதன் பயன் பங்கு கொள்ளாதவனுக்கும் கிட்டும். அங்ஙனமாயின், தன் நலம் அறிந்தவன் எதற்காகத் தடியடி படவேண்டும்? தனிப்பட்ட ஆதாயமோ கட்டாயமோ இல்லையேல் பெருங்குழுவில் பலர் ஒதுங்கியே நிற்பர் என்பது அவர் துணிபு. நெய்வேலி நண்பர் உடனே தலையசைத்தார். "சங்கத்துக்குச் சந்தா கட்டாதவருக்கும் ஊதிய உயர்வு வருகிறதே! எங்கள் குடியிருப்பில் இது தீராத சண்டை" என்றார்.

நான் மறுத்தேன். அந்நூல் வந்த அதே 1965-இல் அன்றைய சென்னை மாநிலத்தில் நடந்தது என்ன? சனவரி 26 முதல் இந்தியே ஆட்சிமொழி என்ற நிலை கண்டு மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறினர். 25-இல் மதுரையில் மோதல். 27-இல், நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். பிப்ரவரி 11-இல் நடுவண் அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் தந்தனர். பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி உறுதிமொழிகள் அளிக்க நேர்ந்தது. "எந்த ஆதாயத்துக்காக இவர்கள் சென்றனர்?" என்று சற்று உரக்கவே கேட்டேன்.

உள்ளே சாய்வு நாற்காலியில் இருந்த என் தாத்தாவின் குரல் வந்தது. "அந்த ஆளு சொல்றது என்னைப் பத்திதாண்டா."

அப்போது அவர் சிதம்பரத்தில் தம் அத்தை வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாராம். 27-ஆம் நாள் காலை அத்தை வாசற்கதவைப் பூட்டிவிட்டார். "பூட்டினது அவங்கதான். ஆனா சாவியை நான் கேக்கல" என்றார் தாத்தா. பின்னாளில் ஆங்கிலத்தில் தேர்வெழுதி நடுவண் அரசுப் பணியில் சேர்ந்து ஓய்வு பெற்றவர் அவர். இதுவரை எங்களிடம் இதைச் சொன்னதில்லை.

அவருக்காகவே மக்ஆடம் என்பாரின் 1986-ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடிப் படித்தேன் எனலாம். 1964 கோடையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யும் பணிக்கு வடபுலத்து மாணவர் பலர் விண்ணப்பித்தனர். உயிருக்கு ஊறு நேரக்கூடிய பணி. சென்றவர் 720 பேரின் விண்ணப்பங்களையும், தேர்வாகியும் பின்வாங்கிய 239 பேரின் விண்ணப்பங்களையும் அவர் ஒப்பிட்டார். கொள்கைப் பற்றில் இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றே. சென்றவர்களுக்கோ உடன் செல்லும் நண்பர்கள் மிகுதி. அமைப்புகளோடு தொடர்பும் மிகுதி. சிதம்பரத்துக்கும் இது பொருந்தும் எனக் கருதுகிறேன். விடுதி மாணவனை அடுத்த அறைத் தோழன் அழைப்பான்; உணவுக்கூடத்தில் அவன் வராதது தெரிந்துவிடும். அத்தை வீட்டில் யார் அழைப்பார்?

இதைத் தாத்தாவிடம் விளக்கினேன்.

"விடுதியில இருந்திருந்தா நானும் போயிருப்பேன்னு உன் புத்தகம் சொல்லுதா?"

"போயிருக்க வாய்ப்பு அதிகம்னு சொல்லுது, தாத்தா."

"அப்போ சாவி?"

நான் விடை கூறவில்லை. அடுத்த ஞாயிறு சார்லஸ் டில்லியின் 1978-ஆம் ஆண்டு நூலைத் தொடங்குகையில், சாய்வு நாற்காலி திண்ணைக்கு வந்திருந்தது.