முதியோருக்கு ஏற்ற அரசு மருத்துவக் காப்பீடு

பயிர்க் காப்பீடு பற்றி உழவர் பெருமக்கள் நன்கு அறிவார்கள். குறித்த நாளுக்குள் பிரீமியம் கட்டினால்தான் வெள்ளச் சேதத்திற்கு இழப்பீடு கிடைக்கும். வயலில் தண்ணீர் நின்ற பிறகு கட்ட முடியாது. வீட்டிலுள்ள முதியவர்களின் உடல்நலத்திற்கும் இதே முன்னேற்பாடு வேண்டும். ஆனால் நெல்லுக்குக் காட்டும் அக்கறையை நாம் பெற்றோருக்குக் காட்டத் தவறிவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் நடந்தது

மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் பகுதிகளில் நவரையும் சொர்ணவாரியும் பயிரிடும் குடும்பங்கள் பலவற்றில், இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருப்பார். என் தந்தையாரும் அப்படிப்பட்டவரே. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் 22 ஆண்டுகள் பணியாற்றி, 58-ஆம் வயதில் ஓய்வு பெற்று, மீஞ்சூருக்கு அருகிலுள்ள எங்கள் இரண்டு ஏக்கரைக் கவனிக்க வந்தார். 64-ஆம் வயதில் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவசரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். நவரை நெல் விற்ற பணமும் தாயாரின் நகையும் அந்தச் செலவுக்கே போயின. அவருக்கு உரிய அரசுத் திட்டம் ஒன்று இருந்தது என்பதை ஆறு மாதம் கழித்தே அறிந்தோம். படித்தவனாகிய நானும் முன்பே விசாரிக்கவில்லை. அந்தப் பிழை பிறருக்கு நேரக்கூடாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எத்திட்டம் பொருந்தும் என்பதை மூன்று கேள்விகளால் அறியலாம். குடும்ப வருமானம் எவ்வளவு? முதியவர் முன்பு எங்கே வேலை பார்த்தார்? அவருடைய வயது என்ன?

1. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு

தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதைத் தொடர்ந்து 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் இதனுடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பங்கள் இதில் சேரலாம். வயது வரம்பு இல்லை. பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும்.

ரேஷன் அட்டையில் பெயர் உள்ளவர்களே இதில் குடும்பம் ஆவர். மாதச் சம்பளம் வாங்கும் மகனின் பெயர் அதே அட்டையில் இருந்தால் அவருடைய வருமானமும் கணக்கில் சேரும். எங்கள் குடும்பம் இதனால்தான் இத்திட்டத்தில் சேர இயலவில்லை.

2. தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு

இதுவே பலரும் அறியாத வழி. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் காப்பீடு பெற்றிருந்து, வயது முதிர்வால் ஓய்வு பெற்ற தொழிலாளி, ஆண்டுக்கு ரூ.120 செலுத்தித் தமக்கும் தம் மனைவிக்கும் மருத்துவ உதவியைத் தொடரலாம். பெண் தொழிலாளியாயின் கணவருக்கும் உண்டு. கணக்கிட்டால் மாதம் பத்து ரூபாய்தான்.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. மற்ற இரு திட்டங்களும் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உதவும். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு ஆகியவற்றுக்கான மாத்திரைகளையும் பெறலாம். மேல்சிகிச்சைக்கு அயனாவரம், கலைஞர் நகர் ஆகிய இடங்களில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உள்ளன. பழைய ஈ.எஸ்.ஐ. எண்ணையும் ஓய்வு பெற்றதற்கான சான்றையும் கொண்டு ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தை அணுக வேண்டும். என் தந்தையாரின் எண் பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டில் கிடைத்தது. இப்போது அவரும் தாயாரும் அங்கேயே மருந்து பெறுகிறார்கள்.

இரயில்வேயில் ஓய்வு பெற்றோருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் தனித்தனி மருத்துவத் திட்டங்கள் உள்ளன. அவரவர் ஓய்வூதிய அலுவலகத்தில் கேட்டறியலாம்.

3. எழுபது வயது நிறைந்தவர்களுக்கு

29.10.2024 அன்று மத்திய அரசு, 70 வயது நிறைந்த அனைவருக்கும், வருமானம் எவ்வளவாயினும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை விரிவாக்கியது. ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. ஒரே குடும்பத்தில் 70 நிறைந்தவர் இருவர் இருந்தால் இத்தொகையை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஈ.எஸ்.ஐ. உள்ளவரும் இதில் சேரலாம். மத்திய அரசு ஓய்வூதியர், முன்னாள் படைவீரர் ஆகியோருக்கான திட்டங்களில் உள்ளவர்கள் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆதாரில் உள்ள வயதே இதற்குக் கணக்கு. ஆதாரில் வயது தவறாக இருப்பின் உடனே திருத்திக்கொள்ளுங்கள். எந்த மருத்துவமனையில் இவ்வட்டை செல்லும் என்பதை 14555 என்ற எண்ணில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அட்டை பெறும் முறை

முதலமைச்சர் திட்ட அட்டைக்கு ரேஷன் அட்டை, ஆதார், வருவாய்த் துறையின் வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்திற்குச் செல்ல வேண்டும். மீஞ்சூர், பொன்னேரி வாசிகள் திருவள்ளூர் செல்ல வேண்டும். திருவொற்றியூர் வட்டம் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டதால், அங்கு ரேஷன் அட்டை உள்ளவர்கள் இராஜாஜி சாலையிலுள்ள சென்னை ஆட்சியர் அலுவலகத்திற்குச் செல்ல வேண்டும். ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐயங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.

மருத்துவமனையில் கவனிக்க வேண்டியவை

பயிர்க் காப்பீட்டுத் தொகை உழவரின் வங்கிக் கணக்கில் சேரும். முதலமைச்சர் திட்டத்திலும் ஆயுஷ்மான் திட்டத்திலும் பணம் மருத்துவமனைக்கே செல்லும். ஆகவே:

1. திட்டப் பட்டியலிலுள்ள மருத்துவமனைக்கே செல்லவும். வடசென்னை மக்கள் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்று வழங்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை முதலமைச்சர் திட்டத்தில் உள்ளது.

2. சேர்ந்தவுடன் காப்பீட்டு உதவி மையத்தில் அட்டையைக் காட்டி, முன் அனுமதி கிடைத்ததா என்று கேட்கவும்.

3. அனுமதி பெற்ற சிகிச்சைக்குத் தனியே பணம் கேட்டால் மேற்கண்ட எண்களில் தெரிவிக்கவும்.

அட்டை இல்லாதவர்களும் தயங்காமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம். அன்றாட மாத்திரைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன.

அடுத்த நாற்றங்கால் விடுவதற்கு முன் ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, பெற்றோரின் ரேஷன் அட்டை, ஆதார், பழைய வேலைச் சீட்டு ஆகியவற்றை ஒரே உறையில் எடுத்து வையுங்கள். மேற்கூறிய மூன்று கேள்விகளுக்கும் விடை அந்த உறையிலேயே இருக்கும். உரிய திட்டத்தில் இப்போதே சேர்ந்து பயன்பெறுமாறு உழவர் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.