கட்டுத்தரைக்குக் கரண்ட் இழுக்கும் தம்பிக்கு



வீட்டிலிருந்து 120 மீட்டர் தள்ளியிருக்கும் மாட்டுக்கொட்டகைக்கு லைன் இழுக்க நீ போட்ட எஸ்டிமேட்டைப் படித்தேன். 2.5 ஸ்கொயர் காப்பர் போதாது என்று தள்ளினாய் பார், அதற்கே உன்னை மெச்ச வேண்டும். போக வர 240 மீட்டர், 1.8 ஓம் கிட்டே வரும். 1 எச்.பி. மோட்டார் கிளம்பும்போது 35 ஆம்பியர் இழுத்தால் அறுபது வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். நீ எழுதிய 16 ஸ்கொயர் அலுமினிய ஆர்மர்டு கேபிளில் 16 வோல்ட்தான் போகும். கிளம்பும் ஆம்பியருக்குக் கணக்குப் பார்க்கிற வயர்மேன்களை நான் அதிகம் கண்டதில்லை.

ஆனால் இரண்டு இடத்தில் எனக்குக் கோபம் வந்தது.

ஒன்று, கையில் இருக்கிற கேபிள் துண்டுகளை இணைக்க மண்ணுக்குள் டேப் சுற்றிய ஜாயின்ட். ஒரு மழைக்கு அது தாங்காது. ஒரே நீளமாக வாங்கு.

இன்னொன்று எர்த். கொட்டகையில் எர்த் பைப் இறக்கிவிட்டு, 16 ஆம்பியர் எம்.சி.பி.யே பாதுகாப்பு என்று முடித்துவிட்டாய். இதற்கு மட்டும் ஏன் கணக்குப் போடவில்லை? எர்த் 10 ஓம் இருந்தால் மண் வழியே 23 ஆம்பியர்தான் ஓடும். அதற்கு எம்.சி.பி. உடனே விழாது. அதுவரை மோட்டார் பாடியில் கரண்ட் நிற்கும்.

ஒருமுறை என் மேஸ்திரியோடு ஒரு தோப்புக்குப் போயிருந்தேன். அங்கே பசு தண்ணீர்த் தொட்டியில் மூக்கை வைக்கும், வெடுக்கென்று பின்வாங்கும். கண்ணேறு என்று சுற்றிப் போட்டிருந்தார்கள். டெஸ்டர் எரியவில்லை. மேஸ்திரி மீட்டரின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மற்றதை ஈரத்தரையிலும் வைத்தார். பத்து வோல்ட் சொச்சம். மோட்டார் காயிலில் லீக். எர்த் கம்பி துருவேறி அற்றுக் கிடந்தது. செருப்புப் போட்ட நமக்கு உறைக்காதது, நாலு காலையும் ஈரத்தில் ஊன்றி நிற்கும் மாட்டுக்கு உறைத்திருக்கிறது. அன்றிலிருந்து எந்தக் கொட்டகைக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது எர்த்தைத்தான்.

ஆகவே, லீக் ஆனதும் விழுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைச் சேர். இரும்புத் தூண், தண்ணீர்க் குழாய், தரைக்குள் போகும் கம்பி வலை, கேபிளின் ஆர்மர் எல்லாவற்றையும் எர்த்தோடு ஒன்றாகக் கட்டு. மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்க வீட்டுக்காரருக்குக் கற்றுக்கொடு. விலை கூடிவிட்டதென்று அவர் பல்பைக் குறைக்கச் சொன்னால் குறை. ஆர்.சி.சி.பி.யை எடுக்கச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு வா.