பழுதறிதலும் வழித்துணையும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஓர் ஊர்தி நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் முதலில் தேவைப்படுவது கருவியா, அறிவா? அந்த அறிவு எங்கே சேர்ந்திருக்கிறது? நூலிலா, தொழிற்கூடத்திலா, அதே இடரைக் கடந்துவந்த மற்றொரு பயணியிடமா? வீட்டு ஊர்திகளின் உலகம் இவ்வினாக்களுக்கு விடை தருகிறது.

வீடே ஊர்தியாக

படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் 'கேரவன்' ஊர்தியை நாம் அறிவோம். படுக்கை, சமையலிடம், கழிப்பறை ஆகியவை ஒரே கூட்டுக்குள் அமைந்த இத்தகைய ஊர்திகளை அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய நிலப்பகுதிகளில் குடும்பங்களே சொந்தமாக வைத்துள்ளன. தானே இயங்கும் இயந்திரம் உடையது 'மோட்டார்ஹோம்' எனப்படும். பணி ஓய்வு பெற்ற பலர் ஆண்டில் பல திங்கள் இதிலேயே வாழ்கின்றனர்.

எனவே, பழுது நேர்ந்தால் ஊர்தி மட்டும் நிற்பதில்லை, வீடும் நின்றுவிடுகிறது. விளக்கு அணைகிறது, குளிர்பதனப் பெட்டியில் உள்ள உணவும் மருந்தும் கெடுகின்றன. ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளியில் 146.6 கி.மீ. தொலைவுக்கு வளைவே இல்லாத நெடுஞ்சாலை ஒன்று உண்டு. கைப்பேசி அலை எட்டாத இடங்கள் நிறைந்த அத்தகைய வழியில், பின்னால் வரும் மற்றொரு பயணியே முதல் துணை.

இரு கைகளின் ஆக்கம்

வீட்டு ஊர்தியின் பழுதைக் கண்டறிவது ஏன் அரிது? பெரும்பாலான வீட்டு ஊர்திகளை ஒரே நிறுவனம் முழுமையாகச் செய்வதில்லை. இயந்திரம், சக்கரங்கள், அடிச்சட்டம் ஆகியவற்றை ஒரு நிறுவனம் தருகிறது. அதன்மீது வீட்டை மற்றொரு நிறுவனம் கட்டுகிறது. நிறுவனத்திலிருந்து வரும் அடிச்சட்டத்தின்மீது நாமக்கல்லில் லாரிக்கும் கரூரில் பேருந்துக்கும் கூடு கட்டுவதை இதனோடு ஒப்பிடலாம்.

அடிச்சட்டக் கையேடு வீட்டைப் பற்றிப் பேசாது. வீட்டின் கையேடு இயந்திரத்தைப் பற்றிப் பேசாது. இரண்டும் இணையும் இடத்தில் தோன்றும் பழுதோ இரு கையேடுகளுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. அவ்விடைவெளியை நிரப்புவது, அதே வகை ஊர்தியை ஆண்டுக்கணக்கில் ஓட்டியோர் பட்டறிவு.

இப்பட்டறிவு அமைப்பாகவும் திரண்டது. 1963ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள், முழுச் சூரிய மறைப்பைக் காண அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஹிங்க்லி என்னும் ஊரில் வீட்டு ஊர்தி உடைய குடும்பங்கள் கூடின. அக்கூட்டத்தில் பிறந்ததே 'குடும்ப மோட்டார் கோச் சங்கம்'. உறுப்பினர் எண் பொறித்த முட்டை வடிவத் தகடு ஊர்தியில் பொருத்தப்படும். முன்பின் அறியாதவரையும் தம்மவராக அடையாளம் காண அது வழிசெய்தது.

மூன்று அளவீடுகள்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பகல் முழுவதும் ஓடிய ஊர்தியில் இரவானதும் விளக்குகள் மங்குகின்றன. இயந்திரம் மட்டும் தடையின்றிக் கிளம்புகிறது. "மின்கலம் பழையதாகிவிட்டது, புதியது வாங்க வேண்டும்" என்பதே உரிமையாளரின் முதல் எண்ணம். பட்டறிவுடைய சக பயணியோ விடை கூறாமல் வினாத் தொடுக்கிறார்.

வீட்டு ஊர்தியில் பொதுவாக இரு மின்கலத் தொகுதிகள் உண்டு. ஒன்று இயந்திரத்தைக் கிளப்புவது. மற்றொன்று வீட்டுக்கு மின்சாரம் தருவது. ஓடும்போது இயந்திரத்தின் மின்னாக்கி இரண்டுக்கும் மின்னேற்றுகிறது. முழுமையாக மின்னேறிய 12 வோல்ட் ஈய அமில மின்கலம் ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும்.

முதல் வினா: "இயந்திரம் ஓடாதபோது வீட்டு மின்கலத்தின் அளவு என்ன?" மல்டிமீட்டர் 12.0 காட்டுகிறது. மின்கலத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. இரண்டாம் வினா: "இயந்திரம் ஓடும்போது கிளப்பும் மின்கலத்தின் அளவு என்ன?" 14.2 காட்டுகிறது. மின்னாக்கி நலமாக உள்ளது. மூன்றாம் வினா: "அதே வேளையில் வீட்டு மின்கலத்தின் அளவு என்ன?" அது 12.0 என்ற நிலையிலேயே நிற்கிறது.

உற்பத்தியாகும் மின்சாரம் வந்துசேரவில்லை. ஆகவே குறை இடைவழியில் உள்ளது. அங்கே இருப்பவை உருகி, இரு மின்கலங்களையும் இணைத்தும் பிரித்தும் விடும் ரிலே, கம்பி இணைப்புகள் ஆகியவை. துருப்பிடித்த ஓர் இணைப்பைத் தூய்மை செய்து இறுக்கியதும் அளவு உயர்கிறது. புதிய மின்கலம் வாங்கியிருந்தால் பணம் செலவாகியிருக்கும். சில நாளில் அதுவும் தீர்ந்திருக்கும்.

கேட்கும் முறையும் சொல்லும் முறையும்

நல்ல உதவிக்கு நல்ல வினா வேண்டும். "வண்டி ஓடவில்லை" என்பது முறையீடு, "ஏற்றத்தில் அரை மணி நேரம் ஏறிய பின் வெப்பமுள் உயர்ந்தது, சமதளத்தில் இறங்கியது" என்பது குறிப்பு. எப்போது தொடங்கியது, அதற்குமுன் என்ன மாற்றம் செய்யப்பட்டது, எவையெவை இன்னும் இயங்குகின்றன என்பவற்றைக் கூறுதல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை மாற்றிய பின் பழுது நீங்கினால், எதனால் நீங்கியது என்பது தெரியாது.

உதவுவோர்க்கும் ஒரு நெறி உண்டு. "எனக்கும் இப்படித்தான் நேர்ந்தது" என்பது சான்று ஆகாது. சோதிக்க வேண்டிய ஒரு வாய்ப்பு மட்டுமே. ஒரே அறிகுறிக்குக் காரணங்கள் பல இருக்கலாம்.

உதவியின் எல்லை

பட்டறிவு நிறுத்திக்கொள்ள வேண்டிய இடங்களும் உள. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரைமட்டத்தில் தேங்கும். மணம் எழுந்தால் உருளையின் வால்வை மூடி, கதவுகளைத் திறந்து, எந்த மின்பொத்தானையும் தொடாமல் அனைவரும் வெளியேற வேண்டும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் நீராவி பீறிட்டுச் சுடும். எரிவாயுக் கசிவும் பிரேக் பழுதும் பயிற்சி பெற்றோர்க்கு உரியவை. "இதை நான் தொடமாட்டேன், நீங்களும் தொடாதீர்கள்" என்று கூறுவதும் உதவியே.

திருப்பித் தரும் கடன்

உதவி பெற்றவர் தம் வழியே சென்றுவிட்டால் அறிவு பாதியில் நின்றுவிடுகிறது. கூறப்பட்ட ஐந்து காரணங்களுள் எது உண்மை என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே. அதைத் திரும்ப வந்து சொல்லும்போதுதான் ஊகம் அறிவாகிறது. உதவியவர்க்கே கைம்மாறு செய்ய வாய்ப்பு அமையாமல் போகலாம்; அடுத்த வளைவில் நிற்கும் மற்றொருவர்க்குச் செய்யலாம். தமிழர் ஒப்புரவு என்று போற்றிய பண்பு, இங்கு ஒரு மல்டிமீட்டரோடும் ஒரு நேர்மையான விடையோடும் சாலையோரம் நிற்கிறது.

தெரியுமா?

1959ஆம் ஆண்டு வாலி பயம் என்பவர் தலைமையில் 41 இழுவை வீடுகள் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து எகிப்தின் கெய்ரோ நோக்கி அணியாகப் புறப்பட்டன. இவர் 'ஏர்ஸ்ட்ரீம்' நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்.

நம்மை அளப்போம்

குறுவினா
1. முறையீட்டிற்கும் குறிப்பிற்கும் உள்ள வேறுபாடு யாது?

சிறுவினா
2. வீட்டு ஊர்தியின் பழுதுகள் இரு கையேடுகளுக்கும் நடுவே விழுவது ஏன்?

நெடுவினா
3. மூன்று அளவீடுகள் பழுதின் இடத்தைச் சுட்டிய முறையை விளக்குக.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் உள்ள லாரி ஓட்டுநர் ஒருவரைச் சந்தித்து, வழியில் நேர்ந்த பழுதையும் சக ஓட்டுநர் செய்த உதவியையும் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.