ஒரு வன்தட்டும் மூன்று இயக்க முறைமைகளும்

மேக் கணிப்பொறியில் பயன்படுத்திய வன்தட்டை விண்டோஸ் கணிப்பொறியில் இணைத்தால், அதனை வடிவமைக்கலாமா என்னும் வினா திரையில் எழுவதுண்டு. அதற்கு இசையும் ஆய்வு மாணவர், ஆண்டுக்கணக்கில் திரட்டிய தரவுகளை இழக்க நேரிடும். தட்டு பழுதுற்றதன்று, அதன் கோப்பு முறைமையை விண்டோஸ் அறியாது, அவ்வளவே.

கோப்பு முறைமையை நூலகத்தின் நூற்பட்டிக்கு ஒப்பிடலாம். எக்கோப்பு தட்டின் எப்பகுதியில் உள்ளதென்பதை அதுவே குறித்துவைக்கிறது. விண்டோஸின் பட்டி என்.டி.எஃப்.எஸ்.; இன்றைய மேக்கினது ஏ.பி.எஃப்.எஸ்.; லினக்ஸில் பெருவழக்கு இ.எக்ஸ்.டி.4. இவற்றுள் முதலாவதை மேக் படிக்கும். ஆனால் தானாக அதில் எழுதாது. லினக்ஸ் இரண்டும் செய்யும். பின்னிரண்டையும் விண்டோஸ் இயல்பாகப் படிப்பதில்லை.

மூன்றுக்கும் பொதுவாக 1996இல் வந்த ஃபேட் 32 உண்டு. எனினும் 4 கிகாபைட்டை எட்டும் தனிக்கோப்பு அதில் அடங்காது. ஒரு நீண்ட ஒளிப்பதிவே அவ்வளவைத் தாண்டிவிடும். ஆதலின் 2006இல் வெளிவந்த எக்ஸ்ஃபேட்டையே நாம் பரிந்துரைக்கிறோம். அதன் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019இல் வெளியிட்டபின் லினக்ஸ் கருவகமும் அதனை ஏற்றது. ஒரு குறை உண்டு: மாற்றங்களை முன்கூட்டிப் பதியும் குறிப்பேடு அதற்கில்லை. எழுதிக்கொண்டிருக்கையில் இணைப்பைப் பிடுங்கினால் பட்டி சிதையலாம். முறைப்படி விடுவித்தே கழற்றுதல் வேண்டும்.

வடிவமைத்தல் முன்னுள்ள பட்டியை அழித்துவிடும். எனவே பழைய தட்டிலுள்ளவற்றை, அதனைப் படிக்கவல்ல கணிப்பொறியிலேயே வேறொரு தட்டிற்குப் படியெடுத்து, படிகளைத் திறந்து பார்த்த பின்னரே அப்பணியைத் தொடங்குக.