சைக்கிளுக்கு இரண்டு பிரேக், செல்லுக்கும் இரண்டு!



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. என் தாத்தா 42 வயதில் இறந்தார். பெரியப்பா 39 வயதில். "குலசாமி குத்தம்" என்றது ஊர். ரத்தம் போனபோதெல்லாம் "மூலம்தான்" என்று கைமருந்திலேயே நாளைக் கடத்தினார் பெரியப்பா. கடைசியில் ஆஸ்பத்திரியில் பார்த்தால், பெருங்குடல் முழுக்க நூற்றுக்கணக்கில் சிறு சதைக்கட்டிகள். அதில் ஒன்று புற்றுநோயாகிவிட்டது. "இது பரம்பரையாக வருவது" என்றார் டாக்டர். அன்றிலிருந்து லைப்ரரியில் தேடித் தேடிப் படித்தேன்.

நம் செல்லில் 46 குரோமோசோம்கள். பாதி அப்பா கொடுத்தது, பாதி அம்மா கொடுத்தது. 5-ஆவது குரோமோசோமில் ஏ.பி.சி. என்றொரு ஜீன் உண்டு. 1991-இல் கண்டுபிடித்தார்கள். குடல் செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பிரேக் அது. குரோமோசோம் ஜோடியாக இருப்பதால் பிரேக்கும் இரண்டு. சிலர் ஒரு பிரேக் அறுந்த சைக்கிளோடு பிறக்கிறார்கள். ஏதாவதொரு செல்லில் மற்றதும் அறுந்தால் அங்கே கட்டி முளைக்கிறது.

இன்னொரு சங்கதி. செல் இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இரு பக்கமும் வடம் பிடித்து இழுத்துச் சரிசமமாகப் பங்கு வைக்கவேண்டும். வடம் சரியாகப் பிடிபடவும் ஏ.பி.சி. உதவுகிறது. அது கெட்டால் ஒரு செல்லுக்குக் கூடுதல், இன்னொன்றுக்குக் குறைச்சல். இதுதான் குரோமோசோம் நிலையின்மை. இதில் மற்ற பிரேக்குகளும் தொலைந்து, கட்டி புற்றுநோயாகிறது. ஒர்க்‌ஷாப்பில் தப்பான ஜாபை ஸ்கிராப்பில் போடுகிறோம். இந்தச் செல்லோ தப்பையே நகலெடுக்கிறது!

பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலானவை பரம்பரையாக வருவதில்லை. ஆனால் இந்த வகையில், பிள்ளைக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆண், பெண் பேதமில்லை. கவனிக்காமல் விட்டால் 40 வயது வாக்கில் அநேகமாகப் புற்றுநோய்தான். ரத்தப் பரிசோதனையில் ஜீனைப் பார்க்கலாம். கொலோனோஸ்கோப்பியில் கட்டியைப் பார்க்கலாம். முன்கூட்டியே ஆபரேஷன் செய்து பிழைக்கலாம்.

என் அப்பா மூட்டை தூக்குகிறவர். வயது 38. "எனக்கு ஒன்னுமில்லடா, ஒரு நாள் கூலி போயிடும்" என்று தட்டிக்கழித்தார். படம் போட்டு பிரேக் கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு இருந்தா உனக்கும் இருக்குமாடா?" என்றார்.

"பாதிக்குப் பாதிப்பா."

"அப்படீன்னா போலாம்."

செமஸ்டர் லீவில் இருவரும் போகிறோம். நண்பர்களே, உங்கள் வீட்டில் யார் எந்த வயதில், எதனால் இறந்தார்கள் என்று பாட்டியிடம் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். நம் வீட்டில் எழுதத் தெரிந்தவர்கள் நாம்தானே!